3 மீட்டர் இறக்கத்தில் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?

வணக்கம். ஓடையில் நொடிக்கு 20 லிட்டர் தண்ணீர், 3 மீட்டர் இறக்கம், இதிலேயே வீட்டுக்கு முழு மின்சாரமும் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

லிட்டரையும் மீட்டரையும் பெருக்கி, அதை 9.81-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 590 வாட் வரும். குழாய் உராய்வு, டர்பைன், ஜெனரேட்டர் எல்லாம் தின்றது போக, சிறிய அமைப்பில் பாதிதான் மிஞ்சும்: 300 வாட். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் இரவு பகலாக ஓடுவதால் நாளுக்கு 7 யூனிட் சேரும். பேட்டரி வைத்தால் விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் தாராளமாக ஓடும். வாட்டர் ஹீட்டரை மட்டும் இதை நம்பி வாங்காதீர்கள்.

என் கவலையெல்லாம் அந்த 20 லிட்டர்தான். எந்த மாதத்தில் அளந்தீர்கள்? கடுங்கோடையில் ஓடை முழுவதையும் ஒரு தகரத்தில் திருப்பி, 20 லிட்டர் வாளியில் பிடித்துப் பாருங்கள். நிரம்ப 4 நொடி ஆனால் வரத்து 5 லிட்டர், மின்சாரம் 75 வாட். பெரிய அணைகளும் இதற்குத் தப்பவில்லை. கொள்ளளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரியான, ஆப்பிரிக்காவின் காரிபாவில் 2024 வறட்சியால் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்தபோது, அதன் மின்சாரத்தை நம்பியிருந்த ஜாம்பியா நீண்ட மின்வெட்டில் தவித்தது.

கோடை அளவு குறைவாக இருந்தால் சோலார் பேனலையும் அதே பேட்டரியோடு சேருங்கள். வெயில் காயும் மாதங்களில் அது கைகொடுக்கும். இன்னொன்று, தண்ணீர் முழுவதையும் குழாய்க்குள் விடாதீர்கள். மீனும் தவளையும் பிழைக்க ஓடையில் கொஞ்சம் ஓடட்டும். குழாய் வாயில் சல்லடை கட்டாயம். மழைக்காலத்தில் ஒரே இரவில் இலைச்சருகு அடைத்துக்கொள்ளும், தினமும் போய் வாரிப் போட ஆள் வேண்டும்.

கோடை அளவை எடுத்ததும் இங்கே எழுதுங்கள், குழாயின் அகலத்தை நாம் சேர்ந்தே கணக்கிடலாம்.