வாசகர் கேள்வி: அந்தக் கடைசி வரி எங்கே?

கேள்வி: கத்தோலிக்க நண்பர் வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து, இயேசு சீஷருக்குக் கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபம் சொன்னோம். நான் 'பரமண்டலங்களிலிருக்கிற' என்று தொடங்க, அவர்கள் 'விண்ணுலகில் இருக்கிற' என்றார்கள். சரி, போகட்டும் என்று விட்டேன். ஆனால் 'தீமை' வந்ததும் அவர்கள் ஆமென் சொல்லி முடித்துவிட, நான் மட்டும் 'ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் உம்முடையவைகளே' என்று சத்தமாகப் போய்க்கொண்டிருந்தேன்! அந்த வரியை அவர்கள் வெட்டினார்களா, நாம் சேர்த்தோமா?

பதில்: வெட்டியவர் யாருமில்லை. சேர்ந்தது என்பதுதான் சரி, ஆனால் அது நம் காலத்துச் சேர்க்கை அல்ல. மத்தேயு 6:13-ல் இந்தத் துதி, 4-ம் நூற்றாண்டு வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் இரண்டிலும் இல்லை. பிற்காலக் கிரேக்கப் பிரதிகளில்தான் பரவலாக வருகிறது. அதற்காக யாரோ கள்ளத்தனமாகச் செருகினார்கள் என்று நினைக்க வேண்டாம். 'டிடாக்கே' என்ற ஆதித் திருச்சபை நூலே இந்த ஜெபத்தை வல்லமை, மகிமை என்று துதித்துத்தான் முடிக்கிறது, ராஜ்யம் மட்டும் அதில் இல்லை. 1 நாளாகமம் 29:11-ல் தாவீதின் துதியைப் படித்தால் இந்தச் சொற்களின் வாசனை தெரியும். சபையில் வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியது, பிரதி எடுத்தவர்கள் கை வழியாக ஏட்டிலும் ஏறிவிட்டது, அவ்வளவுதான். அப்புறம், கத்தோலிக்கர் திருப்பலியில் இந்தத் துதி உண்டு. 'தீமை'க்குப் பிறகு குருவானவர் ஒரு மன்றாட்டு சொல்வார், அது முடிந்ததும் மக்கள் சொல்வார்கள். வீட்டில் குரு இல்லை, அதனால்தான் நீங்கள் தனியாக மாட்டிக்கொண்டீர்கள்.

கேள்வி: 'கடன்களை மன்னியும்' சரியா, 'குற்றங்களை மன்னியும்' சரியா?

பதில்: மத்தேயுவின் கிரேக்கத்தில் இருப்பது கடன். லூக்கா 11:4-ல் பாவம், ஆனால் அடுத்த வார்த்தையிலேயே அவரும் கடன்பட்டவனைக் கொண்டுவருகிறார். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் உண்டு, சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. எனக்குக் கடன்தான் பிடிக்கும். குற்றத்தை மன்னித்தேன் என்று வாயால் சொல்லிவிடலாம், கடனை மன்னித்தால் கைக்காசு போகும்.

கேள்வி: 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்றால், கடவுளா நம்மைச் சோதனைக்குள் தள்ளுகிறார்?

பதில்: போப் பிரான்சிஸும் 2017 டிசம்பரில் இதைத்தான் கேட்டார்: விழுவது நான், தள்ளிவிடுவது அவர் அல்லவே என்று. அதே மாதம் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் 'சோதனைக்குள் நுழைய விடாதேயும்' என்று மாற்றிக்கொண்டார்கள். 2020-ல் இத்தாலியர் 'சோதனையில் கைவிடாதேயும்' என்றார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரேக்கம் 'கொண்டுபோகாதேயும்' என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறது. தேவன் ஒருவரையும் சோதிக்கிறவர் அல்ல என்று யாக்கோபு 1:13 இருக்கவே இருக்கிறது. அதைக் காட்டி விளக்கலாம், ஜெபத்தைத் திருத்த வேண்டியதில்லை என்பது என் கட்சி.