மாசம் புத்தகத்துக்கு ஆயிரம் ரூபா போகுது, லைப்ரரில சேரலாமா?

கேள்வி: பொண்ணு ஏழாவது படிக்கறா. ஒரு கதைப் புத்தகத்தை ரெண்டு நாள்ல முடிச்சிடுவா, அப்புறம் அதைத் தொடறதே இல்ல. மாசம் ஆயிரம் ரூபா கிட்ட ஆகுது, அலமாரியும் நிறைஞ்சு போச்சு. பக்கத்துத் தெருவுல அரசு கிளை நூலகம் இருக்கு, ஆனா வெளிய இருந்து பாத்தா பேப்பர் படிக்கிற பெரியவங்க மட்டும்தான் தெரியறாங்க. சேர்ந்தா பிரயோஜனம் இருக்குமா, டெபாசிட் திரும்ப வருமா?

பதில்: தாராளமா சேருங்க. நீங்க ஏற்கனவே அந்த லைப்ரரிக்குக் காசு கட்டிட்டுதான் இருக்கீங்க, அது தெரியாமலே நிறைய பேர் உள்ள போகாம இருக்காங்க, எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம் இது. சொந்த வீடுன்னா சொத்து வரியோட நூலக வரியும் சேர்த்து வாங்குவாங்க, ரூபாய்க்கு 10 பைசா. 1000 ரூபா சொத்து வரின்னா 100 ரூபா லைப்ரரிக்கு. 1948ல வந்த பொது நூலகச் சட்டத்துல வந்த ஏற்பாடு இது.

டெபாசிட் பெரிய தொகை இல்ல. வேணாம்னு எழுதிக் கொடுத்து, எடுத்த புத்தகத்தை எல்லாம் ஒப்படைச்சா திரும்ப வாங்கிக்கலாம், அதனால ரசீதைப் பத்திரமா வைங்க. சந்தா தனி, அது திரும்ப வராது. போட்டோவும் முகவரிச் சான்றும் கொண்டு போங்க. பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, ஞாயித்துக்கிழமை திறந்திருக்கும், பொண்ணோட போறதுக்கு அதுதான் வசதி.

பேப்பர் ஹாலைத் தாண்டி உள்ள போய் ரேக்கை நீங்களே பாருங்க. புத்தகத்துல ஒட்டியிருக்க தேதி சீட்டைப் புரட்டினா முத்திரை வரிசையா இருக்கும், நிறைய முத்திரை விழுந்த புத்தகத்தைப் பசங்க தேடி எடுத்திருக்காங்கன்னு அர்த்தம், கடையில அட்டையைப் பாத்து வாங்கறதை விட நல்ல அடையாளம் அது. வீட்டுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி பக்கத்தை ஒரு தடவை தள்ளிப் பாருங்க, கிழிசலோ பேனா கிறுக்கலோ இருந்தா நூலகர்கிட்ட அப்பவே காட்டிடுங்க, இல்லன்னா திருப்பித் தரும்போது உங்க தலையில விழும். தொலைச்சா விலை கட்டணும் இல்ல அதே புத்தகத்தை வாங்கித் தரணும்.

குறை இல்லாம இல்ல, போன மாசம் வந்த புத்தகம் எல்லாம் அங்க இருக்காது, கிளை நூலகத்துல குழந்தைங்க புத்தகம் ஒரே ரேக்கோட முடிஞ்சு போறதும் உண்டு. பொண்ணு அதை முடிச்சிட்டா மாவட்ட மைய நூலகத்துல சேருங்க. சென்னைன்னா அண்ணா சாலைல தேவநேயப் பாவாணர் நூலகம், கோட்டூர்புரத்துல 2010ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைங்களுக்குன்னே தனிப் பகுதி இருக்கு, மதுரைல 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துலயும் அப்படித்தான். அச்சுல இல்லாத பழைய புத்தகம் தேடறீங்கன்னா பழைய புத்தகக் கடையில சொல்ற விலைக்கு வாங்கறதுக்கு முன்னாடி எழும்பூர் கன்னிமரால கேளுங்க, 1896ல இருந்து இருக்கற லைப்ரரி அது, இந்தியால வெளியாகற புத்தகத்துல ஒரு பிரதி அங்க அனுப்பணும்னு சட்டமே இருக்கு.

வாங்கறதை மொத்தமா நிறுத்தச் சொல்லல. எடுத்துப் படிச்சு, திருப்பிக் கொடுக்க மனசு வராம இன்னொரு தடவை வேணும்னு கேக்கறா பாருங்க, அதை வாங்கிக் கொடுங்க. அகராதியும் வாங்கிடுங்க, தினம் வேணும்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி படிக்கறேன், கைடும் லைப்ரரிலயே எடுக்கலாமா?

பதில்: பழைய பள்ளிப் பாடப் புத்தகம், வரலாறு, அரசியலமைப்பு இதெல்லாம் எடுங்க. நடப்பு நிகழ்வுக்கு பழைய பதிப்பு உதவாது, அதுக்கு லைப்ரரில உக்காந்து பேப்பரும் மாத இதழும் படிங்க, அதுக்கு உறுப்பினரா கூட இருக்க வேணாம். வினாத்தாள் தொகுப்புல பேனாவால குறிச்சுப் படிக்கணும்னா அது ஒண்ணை மட்டும் சொந்தமா வாங்கிக்கங்க.