பழைய கார், டிரம் பிரேக்: பர்ஸைத் திறப்பதற்கு முன் டிரம்மைத் திறங்கள்

கேள்வி: என்னிடம் 1960-களில் வந்த கார் ஒன்று இருக்கிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால் முன் இடது டிரம் மட்டும் கொதிக்கிறது. ஷூ (டிரம்மின் உள்பக்கத்தில் அழுந்தி நிறுத்துவது), வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளுவது), மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் எல்லாச் சக்கரத்துக்கும் ஆயிலை அனுப்புவது) எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். பாகம் விற்பவரோ டிஸ்க் பிரேக் கிட்டே போட்டுவிடுங்கள் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஒரு டிரம் மட்டும் சூடாகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதி வேலை அங்கேயே முடிந்தது. மாஸ்டர் சிலிண்டர் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு சக்கரத்தோடு நிற்காது, மற்ற சக்கரங்களும் இறுகும். உங்கள் கோளாறு அந்த ஒரு மூலையில்தான் இருக்கிறது.

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்திவிட்டுக் காலை எடுக்கட்டும். இடது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால், அதே சக்கரத்தின் பிளீடிங் நிப்பிளை, அதாவது காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் சிறு திருகை, மெல்லத் தளர்த்துங்கள். கொஞ்சம் ஆயில் பீச்சியடிப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், சக்கரம் விடுபடுகிறதா என்பதுதான் கேள்வி. (நிப்பிளில் ஒரு டியூப் மாட்டிக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.)

சக்கரம் சட்டென்று லேசாகிவிட்டால், உள்ளே அழுத்தம் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே சக்கரத்தில் அப்படி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தச் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸை. வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே ரப்பர் உப்பித் துளையை அடைத்திருக்கும். காலால் மிதிக்கும் வேகத்தில் ஆயில் எப்படியோ உள்ளே போய்விடும், திரும்பி வர வழி இருக்காது. ஷூவைப் பின்னுக்கு இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்குக்கு அதைத் தள்ளும் அளவுக்குத் தெம்பு கிடையாது. முன்பக்க ஹோஸ் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், செலவு அதோடு முடிந்தாலும் முடியும்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுகியே இருக்கிறதா? அப்படியானால் டிரம்மைக் கழற்றியாக வேண்டும். வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை யாரோ அதிகமாகத் திருப்பி வைத்திருக்கலாம். ஷூ உரசி உரசிப் பின்தகட்டில் பள்ளம் விழுந்து, ஷூ அதிலேயே மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்புறம், சிலிண்டரின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் மூடியின் ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் லேசாக விலக்கிப் பாருங்கள். ஈரக்கசிவு மட்டும் என்றால் பரவாயில்லை. சொட்டினால் உள்ளே ஆயிலை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் கப் போய்விட்டது.

ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ ஊறியிருந்தால் கழுவி, தேய்த்து, தீயில் வாட்டி மறுபடி மாட்டும் வேலை வேண்டாம். எங்கிருந்து கசிகிறது என்று பார்த்து அதை அடைத்த பிறகு, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் புது லைனிங் போடுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி மறுபடியும் இழுக்கும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

டிஸ்க் கிட் பற்றி ஒரு வார்த்தை. அதைப் போட்டால் மாஸ்டர் சிலிண்டர், முன்-பின் பிரேக்கின் விகிதம், சில வண்டிகளில் வீல் ரிம் வரை மாற்ற வேண்டியிருக்கும். ஒரு ஹோஸ் கோளாறுக்கு அது பதில் ஆகாது.

கேள்வி: முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே இரண்டாவது முறை மிதித்தால் மேலே நிற்கிறது. பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றைப் பலமுறை எடுத்தும் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டர் வாங்கட்டுமா?

பதில்: ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகம் போலிருக்கிறது. முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்புவதற்கே செலவாகிறது. எல்லாச் சக்கரத்திலும் அட்ஜஸ்டரைத் திருகி, சக்கரம் சுற்றாத அளவுக்கு இறுக்குங்கள். இப்போது பெடலை மிதித்துப் பாருங்கள். உயரமாக, கல் மாதிரி நின்றால் சிக்கல் அட்ஜஸ்ட்மென்ட்தான், ஒரு பைசா செலவில்லை. ஸ்பாஞ்சு போல அமுங்கினால் இன்னும் காற்று இருக்கிறது. கெட்டியாக நின்று, அழுத்திக்கொண்டே இருக்கும்போது மெதுவாக இறங்கினால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், அப்போதுதான் மாஸ்டர் சிலிண்டர் பேச்சு. சோதனை முடிந்ததும் ஒவ்வொரு அட்ஜஸ்டரையும் சக்கரம் லேசாக உரசிக்கொண்டு சுற்றும் வரை தளர்த்திவிடுங்கள்.

கேள்வி: சீல் பிரிக்காத பழைய ஒரிஜினல் வீல் சிலிண்டர்களும் ரப்பர் கிட்டும் விலைக்கு வந்திருக்கின்றன. நம்பி வாங்கலாமா?

பதில்: இரும்பை வாங்குங்கள், ரப்பரை விடுங்கள். பெட்டி பிரிக்காமலே இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். துருக்குழி தட்டுப்பட்டால் புது கப் போட்டாலும் கசியும். துளையின் அளவை அளக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். முக்கால் அங்குலத்துக்குப் பதில் எட்டில் ஏழு அங்குலம் மாட்டினால் அந்தச் சக்கரத்தில் விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். பிறகு வண்டி ஏன் இழுக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: எந்த பிரேக் ஆயில் ஊற்றலாம்?

பதில்: வண்டிக் கையேட்டில் உள்ளதுதான். டாட் 3, டாட் 4 இரண்டும் ஒன்றோடொன்று சேரும். டாட் 5 சிலிகான், அது வேறு சாதி, அவற்றோடு கலக்கக் கூடாது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், டாட் 5.1 சிலிகான் கிடையாது. திறந்து வைத்த பழைய டப்பா வேண்டாம், ஈரத்தை உறிஞ்சியிருக்கும். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ விடாதீர்கள். அவை ஊதிப்போய் சிலிண்டருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.