நோரா எழுந்துவிடுவாளா?

வணக்கம் சார்,

என் மகளுக்கு எட்டு வயது. போன ஞாயிற்றுக்கிழமை பழைய பேட்மேன் கார்ட்டூன் தொடரில் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்ற அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் அழுதாள். "ஃப்ரீஸ் அங்கிள் பாவம், அவரை ஏன் பேட்மேன் பிடிச்சுக் கொடுத்தார்? அந்த ஆன்ட்டி மறுபடி எழுந்திருப்பாங்களா?" என்று ஒரே கேள்வி. சின்னப் பிள்ளைகள் கதையில் இவ்வளவு துக்கம் தேவையா? இனி காட்டவே வேண்டாம் என்கிறார் என் கணவர்.

க.

அன்புள்ள க.,

தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மகள் அந்தக் கதையைச் சரியாகப் பார்த்திருக்கிறாள்.

1959-ல் காமிக்ஸில் வந்தபோது இந்த ஃப்ரீஸுக்கு மிஸ்டர் ஜீரோ என்று பெயர். பனித்துப்பாக்கி வைத்திருந்த ஒரு திருடன், அவ்வளவுதான். 1992-ல் இந்த அத்தியாயத்தை எழுதிய பால் டினிதான் அவனுக்கு நோரா என்ற மனைவியைக் கொடுத்தார். தீராத நோய் வந்த அவளை உறைநிலையில் வைத்துக்கொண்டு மருந்து தேடுகிறான் விக்டர்; ஃப்ரீஸின் நிஜப் பெயர் அதுதான். செலவு அதிகம் என்று பாயில் என்கிற அவனுடைய முதலாளி ஆட்களோடு வந்து ஆராய்ச்சியை நிறுத்துகிறான், விக்டரை ரசாயனங்களுக்குள் உதைத்துத் தள்ளுகிறான். அப்புறம் அதே பாயிலுக்கு மனிதநேய விருது! இருபத்திரண்டு நிமிடத்துக்குள் இத்தனையும். டினிக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி உலகின் எம்மி விருதை வாங்கித் தந்த எழுத்து இது.

சரி, ஏன் பிடித்துக் கொடுத்தார்? அதற்குப் பதில் அத்தியாயத்திலேயே இருக்கிறது, சட்டென்று கடந்துவிடுகிற ஓர் இடத்தில். ஃப்ரீஸின் கூட்டாளி ஒருவனுக்குக் கால்கள் உறைந்துபோகின்றன. ஃப்ரீஸ் அவனை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அந்த அடியாளைத் தன் குகைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியை இளக்கிக் காப்பாற்றுவது பேட்மேன்தான். இந்த இடத்தை மட்டும் மகளோடு உட்கார்ந்து இன்னொரு முறை பாருங்கள். விக்டருக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனால் விருது விழா நடக்கும் கட்டிடத்தையே அவன் உறைய வைக்கக் கிளம்பும்போது உள்ளே பாயில் மட்டுமா இருக்கிறான்? ஒருவனுக்காகப் பரிதாபப்படவும் வேண்டும், அவன் கையைப் பிடித்துத் தடுக்கவும் வேண்டும். எட்டு வயதில் இது புரியாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அவள் கேள்வியிலேயே பாதி புரிந்தது தெரிகிறதே.

பாயிலும் தப்பவில்லை என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அவன் செய்ததெல்லாம் பதிவாகியிருந்த வீடியோ கேசட்டை பேட்மேன் ஒரு பெண் நிருபர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். அதில் பிள்ளைகள் ரொம்பக் கறாராக இருப்பார்கள்.

எனக்கு அந்த பிளாஸ்க் காட்சி உயிர். பேட்மேனுக்கு அன்று ஜலதோஷம், அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆல்ஃபிரட் சூடாகக் கோழி சூப் கொடுத்தனுப்பியிருக்கிறார். சண்டையில் தோற்கிற நேரத்தில் அதைத்தான் ஃப்ரீஸின் கண்ணாடிக் கவசத்தில் அடிக்கிறார். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டம்ளரில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்கள் சமையலறைக்குத் தெரியும். கவசமும் அப்படியே விரிசல் விட்டு நொறுங்குகிறது. எத்தனை கருவிகள் வைத்திருப்பவர் அவர்! கடைசியில் கைகொடுத்தது வீட்டுப் பெரியவர் அக்கறையாகக் கொடுத்த சூப்.

முடிவில் சிறையில் ஃப்ரீஸ் அந்தச் சின்னக் கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே ஒரு நடனப் பெண், சுற்றிலும் பனித் தூறல். ஃப்ரீஸுக்குக் குரல் கொடுத்த மைக்கேல் அன்சாராவின் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. அவன் கதறியிருந்தால்கூட நம்மால் தாங்க முடிந்திருக்கும். அந்த இடத்தில் உங்கள் மகள் அழாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

அவளுடைய இன்னொரு கேள்விக்கும் பதில் உண்டு. 1998-ல் வந்த 'சப்ஜீரோ' படத்தில் கதை தொடர்கிறது. ஒரு பெண்ணைக் கடத்துவதும் துரத்தலுமாகக் கொஞ்சம் பயமுறுத்தும் படம், அதனால் இப்போதே காட்ட வேண்டாம். கடைசிக் காட்சியை மட்டும் சொல்லிவிடுங்கள்: பனிப் பிரதேசத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான் ஃப்ரீஸ். உள்ளே டிவியில் செய்தி ஓடுகிறது. நோரா ஆன்ட்டி எழுந்துவிட்டாள்.

அன்புடன்.