குடிலில் கழுதைக்கு என்ன வேலை?

அன்புள்ள அக்கா,

எங்கள் பங்குக் கோவிலில் இளையோர் குழு கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறது. நற்செய்தியில் இல்லாத மாட்டையும் கழுதையையும் இந்த வருடம் வைக்க வேண்டாம் என்றேன். பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். மத்தேயு சொல்லும் விண்மீன் உண்மையில் வால்நட்சத்திரமா, டிசம்பர் 25 சரியான தேதிதானா என்பதையும் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

தேதி நற்செய்தியில் இல்லை. விண்மீனை வானியல்காரர்களிடம் விட்டுவிடு. பெரியவர்கள் கோபப்பட்டதோடு நின்றார்களே. நானாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

லூக்கா நற்செய்தியில் மாடு இல்லை, சரி. தொட்டி இருக்கிறதே! ஒரே அதிகாரத்தில் மூன்று முறை தீவனத் தொட்டி என்று எழுதுகிறார். அதை வைத்துக்கொண்டு பழைய ஏற்பாட்டில் எசாயா இறைவாக்கினரின் முதல் அதிகாரத்தைத் திற, மூன்றாம் வசனம். காளைக்குத் தன் உடையவனைத் தெரிகிறது, கழுதைக்குத் தனக்குத் தீனி போடும் இடம் தெரிகிறது, என் மக்களுக்குத்தான் என்னைத் தெரியவில்லை என்று கடவுள் அங்கே புலம்புகிறார். அந்த இரண்டு வாயில்லா ஜீவன்களும் குடிலுக்கு வந்தது அங்கிருந்துதான். அவை நிற்பதே நம்மைத் திட்டத்தான். நீ அவற்றைத் தூக்கிவிட்டால் வசவும் போய்விடும். வசதிதான்.

மிலானில் புனித அம்புரோஸ் ஆலயத்தில் 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கிய கல் சவப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் துணி சுற்றிய குழந்தை, ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் கழுதை. அருகில் மரியாள் இல்லை, சூசையப்பர் இல்லை. தாயை விட்டுவிட்டுச் செதுக்கியவன் கழுதையை விடவில்லை, பார்! 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் குடில் வைக்க அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கேட்டதும் வைக்கோல், மாடு, கழுதைதான். அந்தத் தொட்டிக்கு மேலேதான் அன்று திருப்பலி நடந்தது. பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் அப்ப வீடு. அப்ப வீட்டில், தீனி வைக்கிற இடத்தில் பிள்ளையைக் கிடத்தியிருக்கிறாள். இன்னும் எப்படித்தான் சொல்ல வேண்டும் உனக்கு?

எங்கள் வீட்டில் குடிலுக்குக் கேழ்வரகு முளைக்கப் போடுவது என் வேலை. ஒரு டிசம்பரில் மாட்டுச் சுரூபத்தைக் கீழே போட்டு ஒரு கொம்பை உடைத்துவிட்டேன். பயத்தில் மாட்டை வைக்கோலுக்குள் ஒளித்தேன். அம்மா தேடி எடுத்தாள். அடிக்கவில்லை. ஒரு தீக்குச்சியை ஒடித்துக் கொம்பாக ஒட்டிவிட்டு, "வந்திருக்கிறது யாருன்னு இதுக்குத்தான்டி முதல்ல தெரியும்" என்றாள். அவள் எசாயாவைப் பிரித்துப் படித்தவள் இல்லை.

அந்த மாடு இப்போது என் வீட்டில். இருபத்து நான்காம் தேதி நள்ளிரவு வரை தொட்டியைக் காலியாகத்தான் வைத்திருப்பேன். ஒரு கொம்பில் சிவப்பு மருந்தோடு அது அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கும்.