“ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று நர்சம்மா சொன்னால்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: அம்மாவுக்கு பிரஷர். மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வீட்டுக்கே வந்து மாத்திரை தருவார். இந்த முறை 184/112 என்று சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். அறுப்பு முடிந்து போகலாமா?

பதில்: இன்றே போங்கள். பிரஷர் இந்த அளவுக்கு ஏறினாலும் பலருக்கு ஒன்றுமே தெரியாது. மருத்துவர் எழுதியதைத்தான் தன்னார்வலர் தர முடியும். மாத்திரையைக் கூட்டவோ மாற்றவோ முடியாது. அதனால்தான் அனுப்புகிறார். மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். “இன்னைக்கு நல்லாத்தானே இருக்கு” என்று பெரியவர்கள் ஒரு வேளையை விட்டுவிடுவது சகஜம். அட்டையைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, நெஞ்சுவலி என்று ஏதாவது வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பிறந்து 12 நாள் ஆன குழந்தை. ஜுரம் இல்லை, பால்தான் சரியாகக் குடிக்கவில்லை. நர்சம்மா உடனே ஜி.ஹெச். போகச் சொல்கிறார். முப்பது கழியாமல் வாசல் தாண்டக்கூடாது என்கிறார் மாமியார்.

பதில்: இதைப் படித்ததும் கிளம்புங்கள். பச்சைக் குழந்தைக்குக் கிருமி ரத்தத்தில் பரவினால் ஜுரம் வந்தே தீரும் என்பதில்லை, உடம்பு சில்லிட்டும் போகலாம். நன்றாகக் குடித்த குழந்தை குடிப்பதைக் குறைத்தால் அதுவே பெரிய எச்சரிக்கை.

நர்சம்மா சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாரே, அப்போது அவர் மூச்சை எண்ணுகிறார். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போனால் ஆபத்து. இந்த வயதில் மூச்சு ஒரே சீராக வராது, அதனால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். குழந்தை அழும்போது எண்ணினால் கணக்கு தப்பிவிடும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழி விழுவது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஆகியவையும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்.

வழியில் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு, தோலோடு தோலாக அணைத்து, மேலே துணி போர்த்துங்கள். குடிக்கிற அளவுக்குத் தாய்ப்பால் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். மாமியாரும் குழந்தைமேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கே அவர் துணை உங்களுக்குத் தேவைப்படும்.

கேள்வி: நர்சம்மா எழுதித் தரும் சீட்டு இல்லாமல் போனால் ஜி.ஹெச்.சில் பார்ப்பார்களா?

பதில்: பார்ப்பார்கள். இங்கே என்ன பார்த்தோம், என்ன மருந்து கொடுத்தோம் என்று அங்குள்ள மருத்துவருக்குச் சொல்லத்தான் சீட்டு. ஆபத்து நேரத்தில் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: வயலில் பாம்பு கடித்தால் முதலில் நர்சம்மா வீட்டுக்குப் போவதா?

பதில்: வேண்டாம். நேராக விஷமுறிவு ஊசி இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள், 108-இல் கேட்டாலே சொல்வார்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள்.

கேள்வி: நான் தன்னார்வலர். மூன்று வாரமாக இருமும் ஒருவரைப் பலமுறை அனுப்பிப் பார்த்தேன், போகவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: திட்டாமல், தனியாக உட்கார்ந்து ஏன் என்று கேளுங்கள். ஒரு நாள் கூலி போகும், மாட்டைப் பார்க்க ஆள் இல்லை, டிபி என்று தெரிந்தால் ஊர் என்ன பேசும் என்று ஏதோ ஒன்று இருக்கும். சீட்டைக் கையில் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, இன்னார் வருகிறார் என்று சொல்லிவையுங்கள். கூலியை விட்டுப் போனவரை அங்கே “நாளைக்கு வா” என்று திருப்பிவிட்டால், அடுத்த முறை அந்தத் தெருவே உங்கள் பேச்சைக் கேட்காது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே சளிப் பரிசோதனை தேவை. டிபி என்றால் சிகிச்சை இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். இதையும் சொல்லுங்கள். அப்புறம், அந்த வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும், இப்போதே பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.