ஒரே வீட்டில் இரண்டு பத்திரிகைகள்

அன்புள்ள ஐயா,

எனக்கு இருபத்தாறு வயது. சித்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். அப்பாவுக்குப் பங்காருபாளையம் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது. சமீபத்தில் அமெரிக்காவின் நேஷனல் ரிவ்யூ பத்திரிகையின் வரலாற்றைப் படித்தேன். 1955இல் வில்லியம் பக்லி என்ற பழமைவாதி தொடங்கிய அந்தச் சின்னப் பத்திரிகை ஒரு நாட்டின் அரசியலையே திருப்பியிருக்கிறது. அதற்கு மறு வருடம் சென்னையில் தொடங்கிய ஸ்வராஜ்யா என்ற ஆங்கில வார இதழ் மட்டும் 1980இல் ஏன் நின்றுபோனது? அது பணக்காரர்களுக்காக ராஜாஜி நடத்திய பத்திரிகை, அதனால்தான் நின்றது என்கிறார்கள் நண்பர்கள். பிள்ளைகள் பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்ற குலக்கல்வியைக் கொண்டுவந்தவரின் பத்திரிகையை யார் படிப்பார்கள் என்றும் கேட்கிறார்கள். நான் அதன் பழைய இதழ் எதையும் பார்த்ததில்லை. தமிழில் அப்படி ஒரு வலதுசாரிப் பத்திரிகை தொடங்க எனக்கு ஆசை. எவ்வளவு முதல் வேண்டும்? அச்சில் வரலாமா, இணையம் போதுமா? முதலில் யூட்யூபில் ஒரு லட்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு அப்புறம் பத்திரிகைக்கு வரலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

ஆர்., சித்தூர்

அன்புள்ள ஆர்.,

வழக்கமாக இப்படிப்பட்ட கடிதங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டுவிடுவேன். ஆனால் நீங்கள் கேட்ட பத்திரிகை எங்கள் வீட்டுத் திண்ணையில் வாராவாரம் வந்து விழுந்த பத்திரிகை. அது ஏன் நின்றது என்று நானும் வெகுகாலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு இதழைக்கூடப் பார்க்காமல் அதைப் போல ஒன்று தொடங்க ஆசைப்படுகிறீர்கள். சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு ரயில் தூரம்தான். போய், பழைய ஆங்கில வார இதழ்கள் எங்கே என்று கேளுங்கள். லட்சம் பேரைச் சேர்த்துவிட்டு எழுத வருகிறேன் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. சேர்ந்த லட்சம் பேர் எதற்குக் கைதட்டுகிறார்களோ அதைத்தான் அதற்குப் பிறகு உங்களால் எழுத முடியும். அச்சா இணையமா என்பது உங்கள் வசதி.

நண்பர்கள் சொல்லும் கதைக்கு வருகிறேன். ஸ்வராஜ்யாவை ராஜாஜி தொடங்கவில்லை. தொடங்கியவர் காசா சுப்பா ராவ், நெல்லூர்க்காரர். சென்னையில் பிரகாசம் பந்துலு நடத்திய பழைய ஸ்வராஜ்யா நாளிதழில் வேலை பார்த்தவர். பிறகு ஸ்வதந்த்ரா என்று சொந்தமாக ஒரு வார இதழ் நடத்தினார். 1956இல் இந்த ஸ்வராஜ்யாவை ஆரம்பித்தபோது ராஜாஜி பின்னால் நின்றார். அப்போது ராஜாஜிக்கு எழுபத்தேழு வயது. முதல்வர் பதவியிலிருந்து இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓய்வெடுத்திருக்கலாம். அவர் ‘அன்புள்ள வாசகருக்கு’ என்ற பொருளில் தலைப்பு வைத்து வாராவாரம் எழுத உட்கார்ந்தார். 1961இல் சுப்பா ராவ் இறந்தார். பத்திரிகை நிற்கவில்லை, ராஜாஜியும் நிறுத்தவில்லை.

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸில் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் வந்தது. நிலத்தைச் சேர்த்துப் பொதுவாக உழுவது என்ற பேச்சைக் கேட்டு ஆந்திரத்துச் சம்சாரிகள் கலங்கிப்போனார்கள். அதை எதிர்த்து அந்த வருடமே ராஜாஜியின் சுதந்திராக் கட்சி பிறந்தது. கட்சியின் முதல் தலைவர் குண்டூர் ஜில்லாவின் ரங்கா, விவசாயிகள் சங்கத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர். தெனாலியில் தோற்ற அவரை 1962 இடைத்தேர்தலில் மக்களவைக்கு அனுப்பியது எந்தத் தொகுதி தெரியுமா? உங்கள் சித்தூர்தான். வாக்களித்தவர்கள் எல்லாம் ஜமீன்தார்களா? ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருந்தவர்கள். உங்கள் தாத்தா யாருக்குப் போட்டார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பணக்காரர் பத்திரிகை என்பவர்களிடம் நான் இன்னொன்றும் கேட்பேன். 1952இல் முதல்வரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர் ராஜாஜி. சரி, அது சந்தைக்காரர் செய்கிற வேலை. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும், மில்காரன் அதை நெய்யக்கூடாது என்று டெல்லியிடம் மல்லுக்கு நின்றவரும் அவர்தான். மதுவிலக்கை எடுக்கவேண்டாம் என்று 1971இல் தொண்ணூறு வயது தாண்டி, கருணாநிதியின் வீட்டுக்கே போய்க் கேட்டவரும் அவர்தான். எந்த முதலாளி இதை விரும்புவான்? குடும்பம் எதன் மேல் நிற்கிறதோ அதில் யாரும் கைவைக்கக் கூடாது. சர்க்கார் வைத்தாலும் தப்பு, மில் வைத்தாலும் தப்பு, சாராயக்கடை வைத்தாலும் தப்பு. இதைத்தான் நான் பழமைவாதம் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். வலதுசாரி என்று நீங்கள் எழுதியிருப்பது வேறு எதையோ மனதில் வைத்து என்று சந்தேகப்படுகிறேன். காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லாவை விடுதலை செய், பாகிஸ்தானோடு சமாதானம் பேசு என்று சொன்ன மனிதர் ராஜாஜி. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்ல 1962இல் கென்னடி வரைக்கும் போனவர். இன்று அதே வாதத்தை உங்கள் சேனலில் வைத்தால் லட்சத்தில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

குலக்கல்வித் திட்டம் தவறு. அதற்கான விலையை அவர் 1954இல் பதவியாகவே கொடுத்தார். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இப்போது எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பூர்வீகம் நகரியை ஒட்டிய ஏகாம்பரக்குப்பம். தெருவெல்லாம் தறி. தாத்தா குழித்தறியில் நெய்தார், அவர் தம்பி, எங்கள் சின்னத்தாத்தா, பள்ளிக்கூட வாத்தியார். தெருவில் இங்கிலீஷ் பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர் அவர் ஒருவர்தான். தபாலில் வரும் ஸ்வராஜ்யாவைச் சுற்றி முகவரி எழுதிய காகிதப் பட்டை ஒன்று இருக்கும். அதைக் கிழிக்க மாட்டார். பிளேடால் மெல்ல அறுத்து எடுத்து, பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவார். முதலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே தனியாகப் படிப்பார். விளக்கு வைத்த பிறகு திண்ணைக்கு நாலைந்து பேர் வருவார்கள். தமிழில் சொல்லுவார். ரெட்டி வீட்டுப் பெரியவர் வந்திருந்தால் பாதி தெலுங்குக்கு மாறும். எங்கள் எல்லைப் பக்கத்தில் அது ஒரு விஷயமே இல்லை. பெர்மிட், லைசென்ஸ் என்ற சொற்களை யாரும் அவர்களுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. யுத்த காலத்து நூல் கட்டுப்பாட்டில் ஒரு கட்டு நூலுக்குத் தவம் கிடந்தவர்கள் அவர்கள். பேச்சு நூல் பக்கம் போனால் உள்ளே தறிச்சத்தம் நிற்கும். தாத்தா குழியிலிருந்தபடியே, “அதை இன்னொரு தரம் சொல்லுடா” என்பார். அதே சின்னத்தாத்தா, தன் பிள்ளைகளைத் தறிக்குழியில் இறக்கமாட்டேன் என்று சொல்லி குலக்கல்வியை மேடையேறித் திட்டியவர். திட்டியபிறகும் சந்தாவை நிறுத்தவில்லை.

அதே வீட்டுக்குள் பெண்கள் கல்கி படித்தார்கள். தொடர்கதைகளை வாராவாரம் கிழித்தெடுத்து, ஊசியால் தைத்து, புத்தூருக்கு அனுப்பி பைண்டு செய்து வைத்தார்கள். கோட்டோவியம் போட்ட பக்கங்களில் மஞ்சள் கறையோடு அந்தப் பைண்டுகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. சின்னத்தாத்தா காலமான பிறகு, ஸ்வராஜ்யா கட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் அவற்றின் மேல் வெறுப்பு இல்லை. அந்த இங்கிலீஷ் படிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆர்., ஸ்வராஜ்யா ஏன் நின்றது என்ற கேள்விக்கு என் பதில் அந்த எடைக்கடையில் இருக்கிறது. கல்கியை வெளியிட்ட சதாசிவத்தின் நிறுவனம்தான் பின்னாளில் ஸ்வராஜ்யாவையும் வெளியிட்டது. இரண்டும் ஒரே வீட்டுச் சமையல். ஆனால் கதை, சங்கீதம், கோயில், ராமாயணம் எல்லாம் தமிழில் கல்கிக்குப் போயின. வரி, பெர்மிட், நிலம், அரசியல் சட்டம் பற்றிய சண்டை இங்கிலீஷில் ஸ்வராஜ்யாவுக்குப் போயிற்று. ராஜாஜியின் அரசியல் கட்டுரைகள் கல்கியிலும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, நாலு பேர் கூடி ஒரு கொள்கையைப் பிரித்துப் போட்டு ஆராய்வது எல்லாம் அந்தப் பக்கம்தான் நடந்தது. நெய்கிறவனுக்காகவும் உழுகிறவனுக்காகவும் பேசிய வாதம், நெய்கிறவனும் உழுகிறவனும் படிக்கமுடியாத மொழியில் இருந்தது. நடுவில் ஒரு வாத்தியார் உட்கார்ந்து சொல்லவேண்டியிருந்தது. வாத்தியார் போனால் வாதமும் போயிற்று. 1972 கிறிஸ்துமஸ் அன்று ராஜாஜி போனார். இரண்டு வருடத்தில் கட்சி வேறொரு கட்சியில் கரைந்தது. பத்திரிகை எட்டு வருடம் இழுத்தது.

நீங்கள் மெச்சும் நேஷனல் ரிவ்யூவில் இந்தப் பிளவு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? முன்பக்கம் சோவியத், வரி, தேர்தல். பின்பக்கம் புத்தகம், நாடகம், இலக்கியம். பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் ஃப்ராங்க் மேயர், பழைய கம்யூனிஸ்ட். பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர் ஜோன் டிடியன் இளவயதில் அங்கே எழுதினார். அப்படியே பெயர்பெற்ற இன்னொருவர், கேரி வில்ஸை மீசை முளைத்த வயதில் பக்லி கூப்பிட்டு எழுதவைத்தார். இருவரும் பிற்பாடு அந்த அரசியலை விட்டு விலகிப்போனார்கள், அதனால் என்ன? எழுதத் தெரிந்த இளைஞர்களைத் தேடிப்பிடிக்கும் பழக்கம் அந்த அலுவலகத்தில் இருந்தது. அரசியலுக்கு வந்தவன் இலக்கியம் படித்தான், இலக்கியத்துக்கு வந்தவன் அரசியலை எட்டிப்பார்த்தான், எல்லாம் வீட்டில் பேசுகிற அதே மொழியில். அதற்காக அதைக் கோயில் கட்டிக் கும்பிடவேண்டாம். 1957இல் தெற்கு மாகாணங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு எதிராகத் தலையங்கம் எழுதிய பத்திரிகை அது. படிக்கும்போது அதையும் படியுங்கள்.

திறந்த மனம் ஸ்வராஜ்யாவுக்கும் இருந்தது. ஃபிலிப் ஸ்ப்ராட் என்ற வெள்ளைக்காரர், 1926இல் கட்சி கட்ட மாஸ்கோவின் கம்யூனிஸ்ட் அகிலம் இங்கே அனுப்பிவைத்த கம்யூனிஸ்ட், வெள்ளைக்கார சர்க்கார் கம்யூனிஸ்டுகள் மேல் போட்ட மீரட் சதி வழக்கில் சிறைப்பட்டவர். சென்னையின் மூத்த கம்யூனிஸ்ட் சிங்காரவேலர் குடும்பத்தில் பெண் எடுத்தவர். மனம் மாறி, கடைசியில் ஸ்வராஜ்யாவின் ஆசிரியராக இருந்து 1971இல் இறந்தார். எதிரி முகாமிலிருந்து வந்தவரை ஆசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உங்கள் பத்திரிகையில் அப்படி ஒருவருக்கு இடம் உண்டா? இந்தக் கேள்வியை நான் லேசாகக் கேட்கவில்லை.

2014இல் ஸ்வராஜ்யா என்ற பெயரோடு இணையத்திலும் மறு ஆண்டு அச்சிலும் ஒரு பத்திரிகை திரும்ப வந்தது. அதுவும் இங்கிலீஷ்தான். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

முதல் எவ்வளவு என்று கேட்டீர்கள், அதை மறந்தே போனேன். பக்லிக்கு எண்ணெய்க் கிணறு வைத்திருந்த அப்பா ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். அதன் பிறகும் பத்திரிகை நஷ்டத்திலேயே ஓடியது, வருடா வருடம் வாசகர்களிடம் கையேந்தினார்கள். 1941இல் கல்கி தொடங்கச் சதாசிவத்திடம் காசு இல்லை. அவர் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடம் போட்டு வாங்கிய பணம்தான் முதல். ஆக, உங்கள் மேல் நம்பிக்கை வைத்து யாராவது ஒருவர் தன் சொந்த உழைப்பைக் கொண்டுவந்து வைக்கவேண்டும். அப்படி ஒருவர் உங்களுக்கு இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால், சம்பளத்தில் மிச்சம் பிடித்து முப்பத்திரண்டு பக்கம் போடுங்கள், மாதம் ஒன்று போதும்.

என்ன எழுதுவது என்று அமெரிக்காவைப் பார்க்காதீர்கள். சீசனில் உங்கள் அப்பா பெங்களூரா மாங்காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மாங்கூழ் பேக்டரி வாசலில் வரிசையில் நிற்கிறாரே, விலையைச் சொல்கிறவன் யார், அந்த விலை எப்படி வருகிறது, சர்க்கார் அதில் எங்கே நுழைகிறது, எங்கே நுழையாமல் கைகட்டி நிற்கிறது? கணக்குப் படித்தவர் நீங்கள், ஒரு டன்னுக்கு வரவு செலவு போட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே ஒரு நல்ல சிறுகதை போடுங்கள். நம் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதைப் பற்றி யாரையாவது எழுதச் சொல்லுங்கள். எல்லாம் தமிழில், உங்கள் அப்பா டிராக்டரில் உட்கார்ந்தபடி படிக்கிற தமிழில்.

அவர் படித்துவிட்டு எங்கே தப்பு என்று சொன்னதையும் அடுத்த இதழில் அச்சிடுங்கள். எனக்கு இலவசப் பிரதி வேண்டாம், சந்தா எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்.